விறகு என்று சொன்னார்கள்

பிப்ரவரி 4

இன்று மீன் வரவில்லை. காற்று. கோழிக் கஞ்சியும் அவித்த முட்டையும் மட்டும்தான் கடையில். மீட்புத் தளத்துப் பையன்கள் முனகிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

தூக்கம் வரவில்லை என்று சொன்னதற்கு, மனசில் இருப்பதைத் தாளில் இறக்கி வை என்றாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மா. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். பலகையில் இன்றைய சாப்பாடு என்று எழுதுவேன். மனசை எப்படி எழுதுவது? மீன் வரவில்லை என்று எழுதிவிட்டேன். இன்றைக்கு இது போதும்.

பிப்ரவரி 5

அவருக்குத் தட்டு வைத்தேன். கஞ்சி ஆறிப்போனது. கோழிக்குப் போட்டேன்.

பிப்ரவரி 11

நர்ஸம்மா கடைக்கே வந்துவிட்டாள். "என்னக்கா, எழுதுறியா?" என்றாள். மீனைப் பற்றி எழுதினேன் என்றேன். "மீனப் பத்தி எழுதினா தூக்கமா வரும்? நடந்தத எழுது" என்றாள்.

நடந்ததை எழுதுகிறேன்.

என் புருஷன் நிகானோர் எதிரே இருக்கிற மீட்புத் தளத்தில் வேலை பார்த்தார். ஹெலிகாப்டரில் விஞ்ச்காரர். பக்கக் கதவுக்கு மேலே வெளியில் ஓர் உருளை பொருத்தியிருக்கும், அதுதான் விஞ்ச். அதில் சுற்றிய கம்பியின் நுனியில் கொக்கி. கடலில் கிடக்கிறவனைக் கொக்கியில் மாட்டி மேலே இழுப்பார்கள். இறங்கி மாட்டுகிறவன் எலியாஸ். மேலே கதவருகே மண்டிபோட்டு இயக்குகிறவர் இவர்.

போன அக்டோபர் புயலில் ஒரு படகு கவிழ்ந்தது. மூன்று பேர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். எலியாஸ் இறங்கினான். அலை அவனைப் படகின் மேல் அடித்தது, தோள்பட்டை கழன்றது. இவர் அவனை மேலே இழுத்துப் போட்டுவிட்டு, விஞ்சை அவன் நல்ல கையில் கொடுத்துவிட்டு, தானே இறங்கினார். இரண்டு பேரை மேலே அனுப்பினார். மூன்றாவது முறை, படகு சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் கட்டுகிற மூங்கில் அலையோடு எழும்பி இவர் தலையில் விழுந்தது.

எலியாஸ் ஒற்றைக் கையால் இழுத்தான். வந்தது என் புருஷன். உயிர் இல்லை.

எழுதிவிட்டேன். தூக்கம் வருமா பார்ப்போம்.

பிப்ரவரி 12

வரவில்லை.

பிப்ரவரி 20

இன்று எனக்கு ஒரு அவமானம். அவமானமா? தெரியவில்லை.

காலையில் தளத்து மெக்கானிக் பையன்கள் இருவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். புதுசாக வந்தவர்கள். ஒருவன் சொன்னான், "அதுக்கென்னடா, விறகு ஒண்ணு நிக்குதே, அதுல இருந்து எடுத்துக்கலாம்."

அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற நான், "எத்தன கட்டுப்பா வேணும்? பின்னால அடுக்கி வெச்சிருக்கேன், காஞ்ச விறகு. எடுத்துக்கங்க" என்றேன்.

இரண்டு பேரும் சிலையாகிவிட்டார்கள். ஒருவனுக்கு முட்டை தொண்டையில் மாட்டி இருமல் வந்துவிட்டது. மீன் கூடையோடு வந்திருந்த ஆர்செனியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடி பெலிசா, அவங்க கேக்குறது உன் விறக இல்லடீ" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு விளங்கவில்லை. பையன்கள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், கொட்டகைக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது அவருடைய ஹெலிகாப்டர்.

அதைத்தான் விறகு என்கிறார்கள்.

பிப்ரவரி 21

தலைமை மெக்கானிக் செவெரினோ அண்ணன் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இருபது வருஷமாக இந்தக் கடையில் சாப்பிடுகிற மனுஷன், விருந்தாளி மாதிரி நின்றார்.

"பசங்க தெரியாம பேசிட்டானுங்க பெலிசா. மனசுல வெச்சுக்காத."

"விறகுன்னா என்னண்ணே?"

"எங்க பேச்சு அது. இனிமே பறக்காதுன்னு ஆன வண்டிய விறகும்போம். அத வெட்டி வெட்டி இன்னொண்ணு அணையாம பாத்துக்குறது."

"அவர் வண்டியவா வெட்டுறீங்க?"

அவர் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார். இந்த ரகம் இப்போது செய்வதில்லையாம். செய்த கம்பெனியே பாகங்களை நிறுத்திவிட்டதாம். நம்மிடம் இருப்பது இரண்டு. இரண்டும் எங்கோ ஒரு குளிர்நாட்டில் ஓடி ஓடிக் களைத்து, பெயின்ட் அடித்து நம்மிடம் வந்தவை. அவருடைய வண்டியின் கதவுக்கு உள்பக்கம் சுரண்டினால் அந்த நாட்டு எழுத்து தெரியும் என்றார். அது எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இவர் காட்டியிருக்கிறார். "உனக்கு முன்னாடியே இவளக் கட்டிக்கிட்டேன், இவதான் மூத்தவ. நீ இளையவ. சண்ட போடாம இருங்க" என்பார்.

மூத்தவள் மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தவர்.

"அதுல ஒரு ஹீட்டர் இருக்கு தெரியுமா? குளிருக்குப் போட்டது" என்றார் செவெரினோ அண்ணன். "நம்ம ஊர்ல எவன் போடுவான். நிகானோர் சொல்லுவான், 'இந்த வண்டியில தேயாத ஒரே சாமான் இதுதான், இதுக்கு மட்டும் பூமாலை போடணும்'னு."

சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மூத்தவளை விறகாக்கிவிட்டார்கள்.

மார்ச் 2

காலையில் வேலிப் பக்கம் போனேன். தார்ப்பாய் காற்றில் ஒதுங்கியிருந்தது. வால் பக்கத்து விசிறி இல்லை. முன் இருக்கைகள் இல்லை. கண் பிடுங்கின முகம் மாதிரி இருந்தது.

அவரைக் குன்றுமேல் கல்லறையில் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி கொண்டுபோகிறேன். ஆனால் காலையில் எழுந்ததும் நான் பார்ப்பது குன்றை இல்லை. இந்த வேலியைத்தான். யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் 9

ஆர்செனியா மீன் கொண்டுவந்தாள். இன்று அவளுக்கு வாய் நிற்கவில்லை.

"கேட்டியா கதைய? கள்ளுக்கடைல ஒரு கதவு உக்காந்திருக்குடீ."

"என்ன கதவு?"

"ஹெலிகாப்டர் கதவு. பெஞ்சுல சாத்தி வெச்சு, எதுக்க ஒரு டம்ளர் கள்ளும் வெச்சிருக்கானுங்க. என் புருஷன் பாத்துட்டு வந்து, 'நான் இன்னும் ஒரு மடக்குகூடக் குடிக்கல, சத்தியமா கதவு உக்காந்திருக்கு'ங்கறான்."

உதறல்தான். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போனால் நேரே வீட்டுக்குத் திரும்பமாட்டார்கள். வழியில் எங்காவது உட்கார்ந்து, எதையாவது வாயில் போட்டு, உடுப்பை உதறிவிட்டுப் போவார்கள். செத்தவன் கூடவே வீட்டுக்கு வந்துவிடக்கூடாது. தளத்தில் இருப்பவர்கள் கடலிலிருந்து பிணம் தூக்கி வந்த நாளெல்லாம் என் கடைக்குத்தான் வருவார்கள். கஞ்சி குடிப்பார்கள், வாசலில் உதறுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். இவரும் அப்படித்தான் இங்கே உட்கார்ந்து உதறிவிட்டுப் பின்பக்கமாக வீட்டுக்குள் வருவார். "நம்ம வீட்டு வாசல்லயே உதறினா அவன் எங்க போவான் பாவம்" என்று சிரிப்பார்.

அக்டோபரில் அந்த நாள் யாரும் எங்கேயும் உட்காரவில்லை. எப்படி வருவார்கள் இங்கே? அழுதுகொண்டே நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதிலிருந்துதான் பயம். எலியாஸ் வீட்டுக் கைக்குழந்தை சாயங்காலமானால் கதவைப் பார்த்து அழுகிறதாம். அதனால் இப்போது அந்த வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும், மற்ற வண்டியில் மாட்டுவதற்கு முன்னால், ஒரு கடையில் உட்காரவைத்து உதறுகிறார்கள்.

கதவு. கள்ளுக்கடையில்.

மார்ச் 10

தளத்து வாசலுக்கே போய்விட்டேன். காவலுக்கு நின்ற பையன், "என்னக்கா?" என்றான். செவெரினோவைக் கூப்பிடு என்றேன்.

"அவரு ஆயுசுல கள்ளு குடிச்சதில்ல. அவரக் கொண்டுபோயி கள்ளுக்கடைலயா உக்கார வெக்கிறீங்க?"

"நிகானோர இல்ல பெலிசா, கதவத்தான்..."

"அப்ப எதுக்கு உதறினீங்க? வெறும் கதவுன்னா அப்படியே மாட்ட வேண்டியதுதான?"

காவல் பையன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். கோபம் நல்லது, கொஞ்சம் தூங்கினேன்.

மார்ச் 28

இன்று செவெரினோ அண்ணன் கேட்டுவிட்டார்.

இரண்டாவது வண்டியின் விஞ்ச் கெட்டுப்போய்விட்டது. உள்ளே பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறார்கள். விஞ்ச் இல்லாமல் வண்டி பறக்கும், தேடும், ஆளைத் தூக்காது. நல்ல விஞ்ச் ஒன்று இருக்கிறது. அவருடையது.

"கழட்டறதுக்கு என் அனுமதி எதுக்கு? கதவ என்னக் கேட்டா எடுத்தீங்க?"

"விஞ்ச் அப்படியில்ல. அது கடைசியாத் தூக்கினது அவனத்தான். பசங்க அதத் தொடவே பயப்படுறானுங்க. கள்ளுக்கடைக்கெல்லாம் கொண்டுபோக எனக்கும் மனசு வரல. அது வந்து உக்கார வேண்டிய எடம் இந்தக் கடைதான் பெலிசா. அன்னிக்கி வராததுக்கு இன்னிக்கி."

கரண்டியைப் பானையிலேயே போட்டேன்.

"என் புருஷன உதறிட்டுப் போக என் வாசலா கெடச்சுது?"

"பெலிசா..."

"முடியாதுண்ணே. கஞ்சி குடிக்கிறதுன்னா குடிங்க. இல்லன்னா எந்திரிங்க."

எழுந்து போய்விட்டார். கஞ்சி அப்படியே இருந்தது. இருபது வருஷத்தில் அவர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

நான் செய்தது தப்பா? அந்தக் கொக்கிதான் அவரைக் கடைசியாகப் பிடித்திருந்தது. நான்கூட இல்லை. அது. அதுவும் போய்விட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் எனக்கு என்ன இருக்கும்?

ஏப்ரல் 6

பெரிய வெள்ளி. கடை இல்லை.

ஏப்ரல் 19

எலியாஸ் கடைக்கு வருவதே இல்லை. அந்தப் பக்கத்து வாசல் வழியாகச் சுற்றிப் போகிறான். அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னாலும் அவன் கையைப் பார்க்க முடியாது. அந்தக் கைதான் இழுத்தது.

அவருக்குத் தட்டு வைக்கிறேன். தினமும்.

மே 17

எழுதவே கை வரவில்லை. வடக்குக் கிராமத்துப் படகு ஒன்று நேற்று உடைந்துபோனது. நாலு பேர். மூன்று பேர் நீந்தி ஒரு பாறைத் திட்டில் ஏறிவிட்டார்கள். ஒருவனை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஹெலிகாப்டர் போனது. அவனைப் பார்த்தும்விட்டார்கள். ஒரு மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தானாம். கையை ஆட்டினானாம்.

விஞ்ச் இல்லை. மிதவையைப் போட்டார்கள். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவனால் மூங்கிலை விட்டு நீந்த முடியவில்லை. எண்ணெய் தீரும்வரை சுற்றினார்கள். மீட்புப் படகு போய்ச் சேர்ந்தபோது மூங்கில் மட்டும் இருந்ததாம்.

ஆர்செனியா இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் புருஷனும் அந்தக் கடலில்தான் போகிறான்.

"ஏதாவது சொல்லணும்னா சொல்லுடீ" என்றேன்.

"நான் என்னத்தச் சொல்ல. அயில இருக்கு, வேணுமா வேணாமா?"

மே 18

கடையைச் சாத்தப்போகிற சமயம். எலியாஸ் வந்து வாசலில் நின்றான். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. இளைத்துப்போயிருந்தான். உள்ளே வரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"செத்தவன்னா உதறிட்டுப் போலாம். உசிரோட பாத்துட்டு வந்தவனுக்கு உதறல் உண்டா?"

அணைத்த அடுப்பை மறுபடி மூட்டினேன்.

"கைய ஆட்டினான்க்கா. நாங்க தூக்கத்தான் வந்திருக்கோம்னு நெனச்சுட்டான். சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அவன விட்டுட்டு வந்துட்டு நான் எந்தக் கடைல போயி உக்கார்றது?"

"இங்க உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். கஞ்சி வைத்தேன். குடித்தான். அவனே சொன்னான். மேலதிகாரி இரண்டு மாதமாகவே அந்த விஞ்சைக் கழற்றி மாட்டு என்கிறாராம். செவெரினோ அண்ணன்தான், இன்னும் சோதனை முடியவில்லை, முடியவில்லை என்று தள்ளிக்கொண்டிருந்தாராம். "பெலிசா தானா சொல்லட்டும்"னு இவனிடம் மட்டும் சொன்னாராம்.

எனக்காக. எனக்காகத் தள்ளியிருக்கிறார். கடலில் கை ஆட்டினவனுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன கேட்டிருப்பான் என்னை?

எலியாஸ் எழுந்து வாசலில் நின்று சட்டையை உதறினான். ரொம்ப நேரம் உதறினான். போகும்போது, "எங்க பாப்பா இன்னும் அழுவுதுக்கா. நிகானோர் அண்ணன் எங்க வீட்டுலதான் இருக்காருன்னு எங்கம்மா சொல்லுது" என்றான்.

மே 19

நினைத்துப் பார்த்தேன். விடிய விடிய இல்லை, காய் நறுக்கும்போதுதான்.

உதறினால் அவர் எங்கே விழுவார்? என் வாசலில்தானே. இத்தனை மாதம் எங்கே இருந்திருக்கிறார் மனுஷன்? எலியாஸ் வீட்டில், சின்னப் பிள்ளையைப் பயமுறுத்திக்கொண்டு. கள்ளுக்கடைப் பெஞ்சில். வேலிக்கு அந்தப் பக்கம் வெயிலில், தார்ப்பாய்க்கு அடியில். வீடு இங்கே இருக்க, இவர் ஊரெல்லாம் கிடந்திருக்கிறார். நான் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவரை உதறக்கூடாது என்று வாசலை மூடியவள் நான்தான். அவரையும் சேர்த்து வெளியே வைத்து மூடிவிட்டேன்.

தளத்து வாசலுக்குப் போனேன். செவெரினோ அண்ணன் வந்தார்.

"கொண்டாங்கண்ணே. நாளைக்கி மத்தியானம். எல்லாரும் வாங்க. எலியாஸும் வரணும்."

அவர் தொப்பியைக் கழற்றினார். நான், "சினிகாங் சாறு வெக்கிறேன், அவருக்குப் புடிச்ச மாதிரி நல்லாப் புளிப்பா" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மே 20

தள்ளுவண்டியில் வந்தது. ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பு மூடி. பின்னால் ஆறு ஆண்கள், கோயிலுக்குப் போகிற மாதிரி தலை வாரிக்கொண்டு. செவெரினோ அண்ணனும் இன்னொருவனும் தூக்கி வந்து பெஞ்சில் வைத்தார்கள். விரிப்பை எடுத்தார்கள்.

இவ்வளவு சின்னதா? என் பெரிய சோற்றுப் பானை அளவுதான். இது எப்படி அவரைத் தூக்கியது?

எல்லாருக்கும் சோறு போட்டு சினிகாங் ஊற்றினேன். விஞ்சுக்கு முன்னாலும் ஒரு தட்டு வைத்தேன். கரண்டிச் சத்தம் மட்டும். ஆர்செனியா கூடையை இறக்கிவிட்டு உள்ளே பார்த்தாள். "என்ன இது, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி உக்காந்திருக்கீங்க? மாப்பிள்ளை யாரு, நடுவுல உக்காந்திருக்குற இரும்பா?" என்றாள். ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு எல்லாரும். நானும்தான். அவளை நான் திட்டியிருக்க வேண்டும். நல்லவேளை, வந்தாள்.

கொக்கியில் உப்புப் பூத்திருந்தது. துணியை வினிகரில் நனைத்துத் துடைக்கப் போனேன். "வேணாம் பெலிசா, துரு ஏறும். இத வெச்சுத் தொட" என்று செவெரினோ அண்ணன் தன் எண்ணெய்த் துணியைக் கொடுத்தார். துடைத்தேன். மெதுவாகத்தான் துடைத்தேன்.

எலியாஸ் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்தபடி சொன்னான்:

"அக்கா, எல்லாரும் தப்பாச் சொல்றாங்க. கடைசியா அது தூக்கினது நிகானோர் அண்ணன மட்டும் இல்ல."

"என்னடா சொல்ற?"

"கடைசித் தடவ ரெண்டு பேரு சேந்து வந்தாங்க. அண்ணன் மூணாவது ஆளக் கட்டிப் புடிச்சிருந்தாரு. மூங்கிலு விழுந்த அப்புறமும் விடல. நான் மேல இழுத்தப்ப ஒரே ஆளுன்னுதான் நெனச்சேன், அவ்வளவு இறுக்கம். உள்ள போட்டதும் அண்ணன் கைய ஒவ்வொரு வெரலாப் பிரிச்சுத்தான் அந்த ஆள வெளிய எடுத்தோம். அந்த ஆளு உசிரோட இருந்தான்க்கா. இருமினான்."

எனக்குத் தெரியும் இது. மூன்று பேரும் பிழைத்தார்கள் என்று அன்றே சொன்னார்கள். காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. மூன்றாவது ஆள் எப்படி மேலே வந்தான் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. நான் கேட்டதெல்லாம் என் புருஷன் ஒருவரைப் பற்றித்தான்.

"அப்ப இது கடைசியாத் தூக்கினது உசிரு" என்றேன். "அவரு கூட வந்திருக்காரு. அவ்வளவுதான்."

செவெரினோ அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போகும்போது ஒவ்வொருவனும் வாசலில் நின்று உடுப்பை உதறினான். செவெரினோ அண்ணன் விஞ்சைத் தள்ளுவண்டியில் ஏற்றி மூடிவிட்டுத் தயங்கினார், எப்படி உதறுவதென்று தெரியாமல். நானே அதன்மேல் கிடந்த விரிப்பை எடுத்து என் வாசலில் நன்றாக உதறினேன். பூவெல்லாம் பறந்த மாதிரி இருந்தது.

"அவர விட்டுட்டுப் போங்க" என்றேன். "அவரு வீடு இது."

மே 24

எலியாஸ் வீட்டுப் பாப்பா நேற்று அழவில்லையாம். பல் முளைத்திருக்கிறதாம். எதனால் என்று யார் கண்டது.

ஜூன் 8

வேலியோரம் நின்று பார்த்தேன். இரண்டாவது வண்டியில் விஞ்சை மாட்டிவிட்டார்கள். மணல் மூட்டையைக் கட்டித் தூக்கிப் பார்த்தார்கள். இறக்கினார்கள். மறுபடி தூக்கினார்கள். செவெரினோ அண்ணன் கம்பியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார், முள் இருக்கிறதா என்று மீனைத் தடவுகிற மாதிரி.

மூட்டைக்குப் பிறகு ஆள் ஏற வேண்டும். ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்தான். எலியாஸ் போய் மாட்டிக்கொண்டான். ஓர் ஆள் உயரம் தூக்கிப் பிடித்தார்கள். வேலிக்கு மேலே என்னைப் பார்த்துக் கத்தினான், "அக்கா, அடுத்து நீ வர்றியா?"

"என்னத் தூக்கினா கம்பி அறுந்துரும்டா. அப்புறம் அதுக்கும் விறகு தேடணும்."

அந்தச் சொல்லை நானே சொன்னேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 9

சிரித்ததற்கு நேற்று ராத்திரி முழுக்க வலி. இன்று முழுக்க அழுகை. இப்படியும் இருக்கிறது.

ஜூலை 3

தென்மேற்குக் காற்று. சரக்குத் தோணியிலிருந்து இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிரோடு. கடை வரைக்கும் கேட்டது விசிறிச் சத்தம். வெளியே வந்து பார்த்தேன். கதவு, விசிறி, இருக்கை, விஞ்ச். பாதிக்கு மேல் மூத்தவள்தான் பறக்கிறாள்.

அவர்கள் கடைக்கு வரவில்லை. உயிரைத் தூக்கின நாளில் நேரே வீட்டுக்குப் போகலாம். நல்லது. அடுப்பை அணைத்தேன்.

ஜூலை 22

லாரி வந்து மிச்சமிருந்த கூட்டை ஏற்றிக்கொண்டு போனது. பழைய இரும்புக்கு. நான் அழுவேன் என்று நினைத்து ஆர்செனியா காலையிலிருந்தே என்னோடு உட்கார்ந்திருந்தாள், மீனை ஈ மொய்க்க விட்டுவிட்டு.

செவெரினோ அண்ணன் கையில் எதையோ வைத்துக்கொண்டு வந்தார். "எல்லாம் போச்சு பெலிசா. இது மட்டும் எவனுக்கும் வேணாம். ஹீட்டரு. புத்தம் புதுசு. வேணுமா?"

"இந்த வெயில்ல எனக்கெதுக்குண்ணே?"

"எனக்கு மட்டும் எதுக்கு?"

வாங்கி வைத்துக்கொண்டேன். அடுப்புக்குப் பக்கத்தில், பலகைமேல். ஞாயிற்றுக்கிழமை ஒரு சம்பங்கி மாலை வாங்கிப் போட வேண்டும். அவர் சொன்னபடி.

வேலிக்கு அந்தப் பக்கம் இப்போது புல் மட்டும், வெளுத்துப்போய், வண்டி நின்ற வடிவத்தில்.

ஆகஸ்ட் 15

மதியம் தாண்டி விசிறிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நாலு பேர் ரோட்டைக் கடந்து வந்தார்கள். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கஞ்சியைச் சூடாக்கினேன்.

எலியாஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். நனைந்த உடுப்பு. கடலில் கிடந்த ஒருவனைத் தூக்கி வந்திருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. எந்த ஊரும் இன்னும் கேட்டு வரவில்லை. விஞ்சை மாற்றி மாட்டியபின் இதுதான் முதல் பிணம். செத்தவனை இங்கே உதறிவிட்டுப் போக எலியாஸுக்குத் தயக்கம்.

"உங்க வாசல்ல வேணாம்க்கா. வேற எங்கயாவது போறோம். இங்க ஏற்கெனவே..."

"உள்ள வாடா, கஞ்சி ஆறுது" என்றேன். "கூட வந்தவனையும் வரச் சொல்லு. ஊரு பேரு தெரியாதவன் வேற எங்க போவான்? இங்க பேச்சுத் துணைக்கு ஆளு இருக்கு."

வந்தார்கள். குடித்தார்கள். இஞ்சி தூக்கலாக இருக்கிறது என்று ஒருவன் குறை சொன்னான். வாசலில் நின்று உதறிவிட்டுப் போனார்கள், ஒவ்வொருவனும் அவனவன் வீட்டுக்கு.

விறகு தீரப்போகிறது. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

அவருக்குத் தட்டு வைத்தேன். பக்கத்தில் இன்னொன்றும் வைத்தேன்.